ஆயாவின் ரேஷன் கார்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்: வேலூர்ப் பக்கத்து முதியவர்களுக்கு உணவு உதவி கிடைக்கச் செய்ய ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் வயதானவர்களிடம் "சாப்பிட்டீங்களா ஆயா?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "ஆச்சு கண்ணு." அடுப்பு இரண்டு நாளாக எரியாத வீட்டிலும் அதே "ஆச்சு"தான். அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அந்தக் கேள்வியை முதலில் விட்டுவிடுங்கள். "நேத்து ராத்திரி இன்னா வெச்சீங்க?" என்று கேளுங்கள். "ரேஷன் அரிசி எந்தத் தேதி வரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். "இருபது வரைக்கும் வந்துச்சு நைனா, அப்புறம் பக்கத்துல வாங்கிக்கினேன்" என்று பதில் வந்தால், உங்களுக்கு அந்த வீட்டில் வேலை இருக்கிறது.

பேரன் பேத்திகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், மகளிர் குழுவில் இருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள் இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் சில ஆண்டுகள் முதியவர்களோடு அலுவலகங்களுக்கு நடந்ததில் ஒன்று புரிந்தது. திட்டங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கின்றன. கார்டில் ஓர் எழுத்து, ஒரு பெயர், ஒரு போன் நம்பர் தவறாக இருக்கும். அங்கேதான் சோறு நின்றுபோயிருக்கும்.

முதல் வேலை: கார்டு

ஸ்மார்ட் கார்டின் முன்பக்கம் குடும்பத் தலைவரின் படத்துக்குக் கீழே ஆங்கில எழுத்துகள் சில இருக்கும். பலர் அதைக் கவனித்ததே இல்லை. அதுதான் முக்கியம்.

பி.எச்.எச். என்றிருந்தால் முன்னுரிமைக் குடும்பம். பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றால் அந்தியோதயா அன்ன யோஜனா, மிக ஏழைகளுக்கான அட்டை. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாதது, ஆனால் அரிசி உண்டு. அதோடு எஸ் என்ற எழுத்து சேர்ந்திருந்தால் அது சர்க்கரை அட்டை, அரிசி கிடையாது. என்.சி. என்று முடிந்தால் கடையில் எந்தப் பொருளும் கிடையாது, முகவரிச் சான்றாக மட்டும் உதவும்.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். ஒருவர் மட்டும் இருக்கும் அரிசி அட்டைக்கு மாதம் 12 கிலோ, பெரியவர்கள் இருவர் என்றால் 16 கிலோ. அந்தியோதயா அட்டைக்கு எத்தனை பேர் இருந்தாலும் 35 கிலோ. தனியாக வாழும் ஒரு கிழவிக்கு 12 கிலோவா 35 கிலோவா என்பதை அந்த எழுத்துகள்தான் தீர்மானிக்கின்றன. இதை முதல் நாளே பார்க்காமல் நான் எத்தனையோ வீடுகளில் மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

12 கிலோ என்றால் நாளுக்கு 400 கிராம், ஒரு ஆளுக்குப் போதாதா என்று கேட்பீர்கள். கணக்குப்படி போதும். ஆனால் அந்த வீட்டில் விட்டுப் போன பேரப்பிள்ளை ஒன்று இருக்கும், அதன் பெயர் கார்டில் இருக்காது. இன்னொன்று, அரிசி இலவசம், பருப்பும் பாமாயிலும் இலவசம் இல்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த 55 ரூபாய் அன்று கையில் இல்லாமல் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறைய. "பருப்பு வேணாம்பா, வாயுவு" என்று சமாளிப்பார்கள். நம்பாதீர்கள். முதல் மாதம் அந்த 55 ரூபாயை நீங்களே கொடுத்துவிட்டு வந்தாலும் தப்பில்லை.

கார்டு யாருடையது?

சிக்கல் பெரும்பாலும் மூன்று விதம்.

ஒன்று, ஆயாவின் பெயர் பெங்களூரில் இருக்கும் மகனின் கார்டில் இருக்கும். மகன் கார்டைக் கையோடு எடுத்துப் போயிருப்பான். இங்கே திண்ணையில் தனியாகப் பொங்கித் தின்னும் அம்மாவுக்கு ஒன்றும் கிடையாது. அந்தக் கார்டிலிருந்து பெயரை நீக்கினால்தான் புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்க முடியும். மகனிடம் பேசும்போது குற்றம் சொல்லும் குரலில் பேசினால் காரியம் கெட்டுவிடும். "உங்க கார்டுக்கு ஒண்ணும் ஆகாது, அம்மாவுக்குத் தனியா வாங்கிடலாம்" என்று சொல்லுங்கள். பாதிப்பேர் ஒப்புக்கொள்வார்கள். மற்றவர்கள் தங்கள் கார்டில் அம்மாவின் பங்கு அரிசி குறைந்துவிடும் என்று இழுப்பார்கள். அதற்கும் பொறுமை வேண்டும்.

பெயர் நீங்கியபின் பொது விநியோகத் திட்டத்தின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். ஆதார், படம், முகவரிக்கு ஏதாவது ஒன்று: கரண்ட் பில், வீட்டு வரி ரசீது, வாடகை ஒப்பந்தம். தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்கள். மகன் வீட்டை ஒட்டியே இருந்தால் இது முக்கியம். அடுப்பு தனி, பாத்திரம் தனி என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். விசாரணைக்கு வருகிற அன்று ஆயா மருமகள் வீட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தால் விண்ணப்பம் தள்ளுபடிதான். எனக்கே நடந்திருக்கிறது.

இரண்டு, இறந்துபோன தாத்தாதான் இன்னும் குடும்பத் தலைவர். இறப்புச் சான்றை வைத்து அவர் பெயரை நீக்கி, தலைவர் பெயரை மாற்ற வேண்டும். சிக்கலானது அல்ல, யாரும் செய்யாமல் விட்டதுதான்.

மூன்று, போன் நம்பர். கார்டோடு பதிவாகியிருக்கும் நம்பருக்கு ஓ.டி.பி. வந்தால்தான் இணையத்தில் உள்ளே போகவே முடியும். அந்த நம்பர் நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பையன் கொடுத்ததாக இருக்கும், இப்போது அது யாரிடமோ. முதலில் நம்பரை மாற்றுங்கள். உங்கள் நம்பரைப் போடாதீர்கள், நீங்கள் ஊரைவிட்டுப் போனால் அதே கதை. ஆயாவிடம் இருக்கும் பட்டன் போன் நம்பரே போதும். கடையில் பில் போட்டதும் என்னென்ன பொருள் போட்டார்கள் என்று அந்த போனுக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத பருப்புக்குச் செய்தி வந்திருந்தால் கடையில் கேட்கலாம். அதைப் படித்துச் சொல்லத் தெருவில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப் பழக்கிவிடுங்கள்.

ஓ.டி.பி.யை போனில் கேட்கும் எவரிடமும் சொல்லக்கூடாது என்பதையும் அந்தப் பிள்ளைக்கே சொல்லி வையுங்கள்.

ஆயா மகள் வீட்டுக்குக் காட்பாடிக்கு வந்து மூன்று மாதம் இருக்கிறார், கார்டு பேரணாம்பட்டுக் கடையில் என்றால் எதையும் மாற்ற வேண்டாம். 2020 அக்டோபர் முதல் எந்தக் கடையிலும் வாங்கலாம். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் ஆந்திரக் கார்டுக்காரர்களுக்கும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அரிசியோ கோதுமையோ கிடைக்கும்.

12 ஐ 35 ஆக்குவது

இதுதான் உழைப்புக்குத் தகுந்த பலன் தரும் படி. புதிதாக வருபவர்கள் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

அந்தியோதயா திட்டம் 2000 டிசம்பரில் வந்தது. நிலமில்லாத கூலிகள், கைவினைஞர்கள், விதவைகள், மாற்றுத்திறனாளிகள், நிலையான பிழைப்போ ஆதரவோ இல்லாத 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், துணையில்லாமல் தனியாக வாழ்பவர்கள் இவர்கள் எல்லாம் அதற்குரியவர்கள் என்று விதியே சொல்கிறது. நீங்கள் பார்க்கும் ஆயா இதில் இரண்டு மூன்று வகைகளில் வருவார். ஆனால் அட்டைகளின் எண்ணிக்கைக்கு மத்திய அரசு வரம்பு வைத்திருக்கிறது. யாராவது போனால்தான் இடம் காலியாகும். ஆகவே மனு கொடுத்து வரிசையில் நிற்க வேண்டும், கேட்காதவருக்குத் தானாக வராது.

மனு தாலுகா அலுவலகத்தில் இருக்கும் வட்ட வழங்கல் அலுவலருக்கு. வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். மாதிரிக்கு:

"ஐயா, எனக்கு வயது 71. கணவர் இறந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. தனியாக வசிக்கிறேன். நிலமோ வேறு வருமானமோ இல்லை. பீடி சுற்றிப் பிழைத்து வந்தேன். கண் பார்வை குறைந்ததால் இப்போது முடிவதில்லை. என்னைப் பராமரிப்பவர் யாரும் இல்லை. எனது குடும்ப அட்டையை அந்தியோதயா அன்ன யோஜனா அட்டையாக மாற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

கீழே அட்டை எண், ஆதார் நகல், கணவரின் இறப்புச் சான்று நகல். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அதுவும். வறுமையை உருக்கமாக நாலு பக்கம் எழுத வேண்டாம். விதியில் இருக்கும் சொற்கள் மனுவில் இருந்தால் போதும்: தனியாக, ஆதரவின்றி, நிலமின்றி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் வேணாம்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்று ஓர் அலுவலகத்தில் சொன்னதை நம்பி முத்திரை வாங்காமல் வந்தேன். ஐந்து மாதம் கழித்துப் போனால் மனுவே இல்லை. மறுபடியும் முதலிலிருந்து.

சர்க்கரை அட்டை இருக்கும் முதியவர்களும் உண்டு. மகன் ஒருகாலத்தில் யோசிக்காமல் எடுத்தது. சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்ற அரசு அவ்வப்போது வாய்ப்புத் தரும். அந்த அறிவிப்பு வரும்போது விடாதீர்கள்.

ரேகை விழாத விரல்கள்

குடியாத்தத்தில் தீப்பெட்டி, பீடி. பேரணாம்பட்டில் தோல். எங்கும் கட்டட வேலை. நாற்பது வருஷம் இலை உருட்டியும் சுண்ணாம்பில் கை வைத்தும் தேய்ந்த விரலை மெஷினில் வைத்தால் ரேகை விழாது. "கை வெச்சா எடுக்கல, நாளைக்கு வான்னுட்டாங்க" என்று வெறும் பையோடு திரும்பி வருவார்கள். அதைத் தங்கள் குற்றமாகவே நினைத்துக்கொள்வார்கள்.

செய்ய வேண்டியது என்ன? ஒரு விரல் விழவில்லை என்றால் மற்ற விரல்களை வைக்கச் சொல்லுங்கள். கையைக் கழுவித் துடைத்து, துளி எண்ணெய் தடவித் துடைத்தபின் வைத்தால் சில சமயம் விழும். கண் கருவிழி பார்க்கும் கருவி இருக்கிற கடையில் அதைக் கேளுங்கள். இதற்கும் மேல் நடக்க முடியாதவர், படுக்கையில் இருப்பவர் என்றால் அவருக்குப் பதில் வேறொருவர் வாங்குவதற்கு அங்கீகாரப் படிவம் உண்டு. கடையிலேயே கேட்டு வாங்கி, பூர்த்தி செய்து கொடுத்தால் அந்த நபர் வாங்கலாம். நம்பிக்கையான ஆளைப் போடுங்கள். சொந்தக்காரர் என்பதால் மட்டும் நம்பிக்கையான ஆள் ஆகிவிட மாட்டார்.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கியது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது. தொடங்கியபோது வைத்த வயது 70. வீட்டில் வேறு இளவட்டம் கார்டில் இருந்தால் சேராது, முதியவர்கள் மட்டும் இருக்கும் கார்டுகளுக்குத்தான். உங்கள் தெருவுக்கு வண்டி எந்த நாள் வருகிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பட்டியலில் இல்லையென்றால் ஆதாரில் இருக்கும் பிறந்த வருஷத்தைப் பாருங்கள். எழுபத்தைந்து வயது ஆயாவுக்கு ஆதாரில் ஐம்பத்தெட்டு என்று இருப்பது இங்கே சகஜம். அதைத் திருத்தாமல் எந்தத் திட்டமும் நகராது.

முன்னுரிமை, அந்தியோதயா கார்டுகளில் இருக்கும் ஒவ்வொருவரும் ரேஷன் கடையில் ஒருமுறை விவரத்தை உறுதிப்படுத்த வேண்டும், இ-கே.ஒய்.சி. என்கிறார்கள். ஆகிவிட்டதா என்று கேட்டு வையுங்கள்.

ஓ.ஏ.பி. பணமும் அதோடு வரும் அரிசியும்

ஓ.ஏ.பி. என்று இங்கே சொல்லும் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. 60 வயது நிறைந்த, ஆதரவற்றவர்களுக்கு. இ-சேவை மையத்தில் பதிவு செய்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், படம் வேண்டும். விசாரணைக்கு வி.ஏ.ஓ. வரும் நாளில் நீங்களும் கூட இருங்கள். "பசங்க இருக்காங்களா?" என்று கேட்டால் ஆயா மானத்துக்கு அஞ்சி, "இருக்கான், நல்லாப் பார்த்துக்குவான்" என்று சொல்லிவிடுவார். பொய் சொல்லச் சொல்லவில்லை. மகன் கடைசியாக எப்போது பணம் அனுப்பினான் என்ற உண்மையை மட்டும் சொல்ல வையுங்கள்.

பலருக்குத் தெரியாதது: ஓ.ஏ.பி. வாங்குபவருக்கு மாதம் 4 கிலோ அரிசி தனியாக உண்டு. பள்ளிச் சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிட்டுக்கொள்ளவும் உரிமை உண்டு, அப்படிச் சாப்பிடுபவருக்கு அரிசி 2 கிலோ. சத்துணவை முதியோருக்கும் விரிவாக்கியது 1983 இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். இப்போது பிள்ளைகளோடு தட்டேந்திப் போக ஆயாக்கள் கூச்சப்படுகிறார்கள். ஒரு தூக்குவாளியோடு இரண்டு மூன்று பேராகப் போனால் கூச்சம் குறையும். வருடத்துக்கு இருமுறை வேட்டி சேலையும் உண்டு.

65 வயதாகியும் தகுதி இருந்தும் ஓய்வூதியம் கிடைக்காதவர்களுக்கு அன்னபூர்ணா என்று ஒரு திட்டம், 2000 இலிருந்து இருக்கிறது. மாதம் 10 கிலோ அரிசி இலவசம். ஓய்வூதிய மனு நிலுவையில் கிடக்கும்போது இதைக் கேட்டு அதே அலுவலகத்தில் இன்னொரு மனு கொடுக்கலாம்.

இந்த வேலைகளுக்கெல்லாம் ஐயாயிரம் கொடு, மூவாயிரம் கொடு என்று தாலுகா அலுவலக வாசலிலேயே ஆள் நிற்பார்கள். இ-சேவைக் கட்டணத்துக்கு மேல் ஒரு பைசா தர வேண்டாம். ரசீது கேளுங்கள்.

சமைக்க முடியாதவர்களுக்கு

அரிசி இருந்தும் பொங்க முடியாத வயது ஒன்று உண்டு. வேலூர் மாநகராட்சிக்குள் இருந்தால் அம்மா உணவகம் இருக்கிறது: இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. அறநிலையத்துறைக் கோயில்கள் பலவற்றில் மதிய அன்னதானம் உண்டு. பக்கத்துக் கோயிலில் தினமுமா, குறிப்பிட்ட நாளிலா என்று விசாரித்து வையுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இதெல்லாம் உதவாது, பக்கத்து வீட்டில் ஒரு கை அரிசி கூடப் போட ஆள் பிடிக்க வேண்டும். ரேஷன் அரிசியை அவர்களிடம் கொடுத்து, தினமும் ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் நடக்கிறது.

அணைக்கட்டு தாலுகாவின் மலைக்கிராமங்கள், பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லைப் பக்கம் வேலை செய்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கீழே இறங்கி வர ஒரு நாள் கூலி போய்விடும். மனு, நகல், படம் எல்லாவற்றையும் மேலேயே தயார் செய்து, ஏழெட்டுப் பேருடையதைச் சேர்த்து ஒருவர் கொண்டுவந்து கொடுப்பதுதான் சரி.

எங்கே போய்க் கேட்பது

பெரியவர்கள் இன்னும் வடார்க்காடு என்றுதான் சொல்வார்கள், ஆனால் 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் ஆகிய ஆறு தாலுகாக்காரர்கள் மட்டும் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு வரலாம். வாலாஜாவிலிருந்து ஒரு தாத்தாவைப் பஸ் ஏற்றிக் கூட்டி வந்து, "இது இங்க இல்லைங்க" என்ற பதிலோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாலுகாவில் மாதம்தோறும் இரண்டாம் சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். பெயர் நீக்கம், போன் நம்பர், முகவரி மாற்றம் போன்றவை அங்கே விரைவாக முடியும். அங்கே முடியாததைத் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள், மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்குக் கோட்டாட்சியர், வேலூரிலும் குடியாத்தத்திலும் இருக்கிறார்கள். ரேஷன் புகாருக்கு 1967, முதல்வர் உதவி மையத்துக்கு 1100, முதியோருக்கு எதுவானாலும் 14567. மூன்றையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எண் படிக்கத் தெரிந்த ஆயாக்கள் எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்களைவிட அதிகம்.

எல்லாம் முடிந்தபின் அடுத்த மாதம் முதல் வாரத்திலேயே மறுபடி ஒருமுறை கூடப் போய் வாருங்கள். மூட்டையைத் தூக்க ஆள் வேண்டும், 35 கிலோவை எழுபது வயதில் யார் தூக்குவது? பை, கார்டு, சில்லறை 55 ரூபாய், பட்டன் போன். கிளம்புமுன் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மாதத்தின் முதல் இரண்டு வாரம் கடைக்கு வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிறு உண்டு. அதற்கப்புறம் வெள்ளி உண்டு, ஞாயிறு லீவு.